சோம்பேறிச் சக்கரம்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், கட்டுமாவடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த சின்னத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அந்தப் பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அன்று தஞ்சாவூர் ஜில்லா. எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்து, மலைப்பாதையில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து தொண்டியில் உப்பு ஏற்றினேன், மதுரையில் பஞ்சு ஏற்றினேன், திருச்சியில் கொஞ்ச காலம் செங்கல். எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுதாகத் தங்கியதில்லை. முதலாளியோடு சண்டை என்றும் சொல்ல முடியாது. ஒரு காலையில் எழுந்தால் போதும் என்று தோன்றும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படிக் கிளம்பிப் போய்ப் பட்டினி கிடந்ததும் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயிறு பழகிக்கொள்ளும்.

அந்தத் துறையில் வண்டி வைத்திருந்தவர் ஒரு பெண். படகுச் சொந்தக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். இவர் கணவர் கடலில் இறந்த பிறகு படகுகளைத் தானே நடத்தியதால் ஊரில் எல்லோருக்கும் சம்மாட்டியம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். வேலைக்கு வந்தவனிடம் லைசென்ஸைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. நீந்தத் தெரியுமா என்று கேட்டார். ஜீப் ஓட்டுவதற்கு நீச்சல் எதற்கு என்றேன்.

“மழை வரட்டும், தெரியும்” என்றார்.

வண்டி சண்டைக் காலத்து அமெரிக்க ஜீப். பட்டாளம் கழித்துப் போட்டதை யாரோ ஏலத்தில் எடுத்து, கை மாறி மாறி இவரிடம் வந்திருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் ஷாஃப்ட்டை இடையில் எவனோ கழற்றி விற்றுவிட்டான். அதனால் பின் சக்கரம் இரண்டும் இழுத்தால்தான் வண்டி. பின்னால் ஒரு சின்ன பாடி கட்டியிருந்தார்கள்.

வேலை இதுதான். காலையில் படகுகள் கரை சேரும். மீனைக் கூடையில் ஐஸும் உமியும் போட்டு அடுக்கி, அறந்தாங்கி ரயில் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அங்கே ஒரு வியாபாரி வாங்கி மதிய வண்டியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவார். கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கிக்கு ரோடு உண்டு. துறையிலிருந்து அந்த ரோட்டுக்கு வரும் வழிதான் கஷ்டம். கடலோரமாக இரண்டு மைல் களிமண் வெளி. கோடையில் சிமெண்டுத் தரை போல இருக்கும். ஐப்பசியில் வெண்ணெய்தான். அந்தப் பாதையின் வலது பக்கம், அதாவது கடல் பக்கம், தாழ்வு. இடது பக்கம் கொஞ்சம் மேடு, மணல் கலந்த மண். வண்டி எப்போது புதைந்தாலும் வலது பின்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், இடது பின்சக்கரம் அசையாமல் நிற்கும்.

நான் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் வண்டி பல நாள் அந்த வெளியில் நின்றுவிட்டது. ரயில் போய்விட்டது. வாளை, சீலா எல்லாம் உப்புப் போட்டுக் கருவாடாகிவிட்டன. வியாபாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: வருகிற மழையிலும் இப்படி என்றால் வேறு துறையில் வாங்கிக்கொள்கிறேன். அவர் போய்விட்டால் வண்டிக்கு வேலையில்லை. வண்டியை விற்றுவிட்டு, முன்பு மாதிரி பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டுமாவடிக்கு நடப்பதுதான் மிச்சம். நான் சேர்ந்த அன்றே அக்கா இதை என்னிடம் சொன்னார். இந்த மழைக்காலம் ஒன்றுதான் தவணை.

அந்த ஊரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சோம்பேறி. வலது சக்கரம் பாவம், கிடந்து பாடுபடுகிறது. இடது சக்கரம் சும்மா நிற்கிறது என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அந்தச் சக்கரத்துக்கு பேரிங் மாற்றியிருந்தார்கள். பிரேக்கைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதும் அந்தச் சக்கரத்துக்குத்தான். எனக்கு முந்தைய டிரைவரை அனுப்பியதே, அவன்தான் அந்தப் பக்கத்தைக் கெடுத்துவிட்டான் என்ற கோபத்தில். வண்டி புதைந்தால் கூடைகளையெல்லாம் இடது பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். வேலை செய்யாதவன் தலையில் சுமையைக் கூட்டினால்தான் எழுந்திருப்பான் என்பது அவர்கள் நியாயம். நானும் அப்படியே செய்தேன். மலைப்பாதையில் தார் ரோட்டில் ஓட்டிப் பழகியவனுக்குச் சேற்றைப் பற்றி என்ன தெரியும்?

ஆவணியில் ஒரு நாள் எதிர்பாராமல் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை வண்டி வெளியின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. வழக்கப்படி கூடைகளை இடது பக்கம் குவித்தோம். பனை மட்டை போட்டோம். கூட வந்த பெண்கள் தள்ளினார்கள். வலது சக்கரம் சேற்றை வாரி அவர்கள் மேல் அடித்ததுதான் மிச்சம். தள்ளித் தள்ளி அலுத்துப்போய், அவர்களில் நான்கைந்து பேர் வலது பக்கப் பலகையில் வரிசையாக ஏறி உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார்கள். நான் அவர்களைக் கவனிக்காமல், கடைசியாக ஒரு தரம் பார்ப்போம் என்று கிளட்சை விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, அவர்களையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டது.

சோம்பேறிச் சக்கரம் சுற்றியதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி இறங்கி வந்து, இடது சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாள்: “ஆத்தா, இம்புட்டு நாளா நாம வேலக்காரனத்தான் வஞ்சிருக்கோம். ஆட்டம் போட்டது அங்கிட்டு இருக்கவன்.”

அன்றே மீனை இறக்கிய பிறகு அறந்தாங்கியில் ஒரு பட்டறைக்குப் போனோம். அதன் மேஸ்திரி சண்டைக் காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் அஸ்ஸாம் பக்கம் வேலை பார்த்தவர். எதைப் பேசினாலும் அஸ்ஸாமில் தொடங்கித்தான் வருவார். இரண்டு மலை, ஒரு பாலம், ஒரு மேஜர் எல்லாம் கடந்து விஷயத்துக்கு வந்தார். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. எஞ்சின் கொடுக்கும் பலத்தை அதுதான் இரண்டுக்கும் பிரிக்கிறது. எந்தப் பக்கம் சுற்றுவது லேசோ அந்தப் பக்கத்தை ஓட விட்டுவிடும். சேற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை, அதனால் அது லேசாகச் சுற்றும். மேட்டில் காலை ஊன்றி நிற்கும் சக்கரத்துக்குப் பலமே வந்து சேராது. அது சோம்பேறி இல்லை, அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. நாங்கள் கூடைகளை இடது பக்கம் குவித்தது இன்னும் மோசம்; வலது சக்கரம் மேலும் லேசாகிவிட்டது.

அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இதற்கு என்ன வழி என்றார்.

மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். ஒன்று, பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் பற்களை வெல்டிங் வைத்து ஒன்றாக்கிவிடுவது. அதன் பிறகு இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே மாதிரிதான் சுற்றும். ஒரே நாளில் முடிந்துவிடும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். இன்னொன்று, பூட்டு. பட்டாளத்தில் பீரங்கி இழுக்கும் சில வண்டிகளில் அவர் பார்த்தது. ஆக்சில் ஷாஃப்ட்டின் மேல் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். லிவரை இழுத்தால் அது நகர்ந்துபோய்ப் பெட்டியைக் கவ்விக்கொள்ளும். இரண்டு சக்கரமும் ஒன்றாகிவிடும். லிவரை விட்டால் பழையபடி தனித்தனி. திருச்சியில் பழைய ராணுவச் சாமான் கடையில் ஒடிந்த ஆக்சில் ஒன்று கிடக்கிறது, அதிலிருந்து வளையத்தை எடுத்து நம் வண்டிக்குப் பொருந்தும்படி லேத்தில் கடைய வேண்டும், மழைக்கு முன் முடிக்கலாம் என்றார். ஆனால் அவருக்கு வெல்டிங்தான் பிடித்திருந்தது. உடனே முடிகிற வேலை.

அக்காவுக்கும் அதுதான் பிடித்தது. “ரெண்டும் எப்பவும் சேந்தே சுத்தட்டுமே. நல்லதுதான? குடும்பம்னா அப்படித்தான இருக்கணும்?” என்றார்.

எனக்கு மட்டும் மனதில் ஏதோ இடித்தது. ஒரு திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டாமா, அதற்கு வழி விடத்தானே அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மேஸ்திரி அதை ஒப்புக்கொண்டார், கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான் என்றார். அரிமளத்தில் விறகு காண்ட்ராக்டர் ஒருவருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், சந்தேகமாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

ஒரு வாரம் கழித்து, மீன் குறைவாக வந்த நாளில் போனோம். காண்ட்ராக்டர் வெள்ளை வேட்டி, பெரிய மீசை, நல்ல மனிதர். மோர் கொடுத்தார். அவருடையதும் எங்களுடையதைப் போன்ற ஜீப்தான். காட்டுக்குள் வெட்டிய மரத்தைச் சங்கிலி போட்டு இழுத்துக் காட்டினார். ஓடை மணலில் இறங்கி, நிறுத்தி, மறுபடி எடுத்துக் காட்டினார். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தோண்டிக்கொண்டு ஏறின. எனக்கே ஆசை வந்துவிட்டது. அக்கா முகத்தில் முடிவு தெரிந்தது.

“காட்டுக்குள்ள இது ஆனை மாதிரிம்மா” என்றார் காண்ட்ராக்டர். அக்காவைத் தன் ஜீப்பில் முன்னால் உட்காரவைத்தார்; நான் பின்னால் ஏற, காட்டிலிருந்து அரிமளத்துக்குத் திரும்பினோம். வழி ஒரு கண்மாய்க் கரைமேல். நேராகப் போகிறவரை ஒன்றுமில்லை. மடை இருக்கும் இடத்தில் கரை இடது பக்கம் வளைகிறது, மேலே சரளைக் கல். காண்ட்ராக்டர் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரங்கள் திரும்பியதை நான் பார்த்தேன். வண்டி திரும்பவில்லை. பின்னால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நேராகத் தள்ளிக்கொண்டே போயின. முன்சக்கரம் ஒன்று கரையை விட்டுக் கீழே இறங்கியது. சரிவில் இருந்த ஒரு கருவை மரத்தில் பம்பர் முட்டி வண்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் கண்மாய். ஆவணி மழைத் தண்ணீர் கீழே கலங்கலாகத் தெரிந்தது.

நான் குதித்துப் போய் அக்காவைக் கைகொடுத்து இறக்கினேன். சேலையில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். காண்ட்ராக்டர் மீசையைத் தடவிக்கொண்டு, திருப்பத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும், நமக்குப் பழகிவிட்டது என்றார்.

“ரோட்டுலயும் ஆனை மாதிரிதாங்க போகுது” என்றார் அக்கா.

அவரிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றதும் வெளியே வந்தது. ரோட்டில் ஓடினால் டயர் ரப்பர் சீக்கிரம் தேய்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் ஒரு தடவை முறிந்தது. காட்டை விட்டு அவர் அதிகம் வெளியே வருவதில்லை, அதனால் அவருக்குப் போதும். எங்களுக்கோ இரண்டு மைல் சேறு, அப்புறம் அறந்தாங்கிவரை முழுக்க ரோடு.

திரும்பும்போது அக்கா தானாகவே, “குடும்பம்னு சொன்னேனே, அதுவும் இப்படித்தான் கவுந்திருக்கும் போல” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

பட்டறைக்குப் போய், கண்மாய்க் கரையில் நடந்ததைச் சொல்லி, பூட்டே போடுங்கள் என்றோம். மேஸ்திரி மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுவிட்டது.

வெல்டிங் வைத்த வண்டியை எவனும் ஓட்டலாம், அதற்கு ஒரு சுபாவம்தான். பூட்டு அப்படியில்லை. சேற்றில் இறங்கும் முன் போட வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு இழுத்தால் பற்கள் உடைந்துபோகும். ரோட்டில் ஏறும்போது மறக்காமல் எடுக்க வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் இன்று இல்லாவிட்டால் நாளை ஷாஃப்ட் முறியும், இல்லை கரையில் பார்த்தீர்களே, அது நடக்கும். வண்டியோடேயே இருக்கிற ஆள் வேண்டும். டிரைவர் மாறிக்கொண்டே இருந்தால் பூட்டு வீண். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டார்:

“இவரு எத்தன நாளைக்கு இருப்பாரு?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கெங்கே இருந்தேன், எப்படிக் கிளம்பினேன் என்பதெல்லாம் போகிற வழியில் கதைபோல அவரிடம் சொல்லியிருந்தேன். இருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. அப்படிச் சொன்ன இடங்களிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். “தெரியாதுக்கா” என்றேன். அதுதான் உண்மை. அவருடைய துறை, ஊர்ப் பெண்களின் தலைச்சுமை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது எனக்குத் தெரிந்தது. இருந்தும் வேறு வார்த்தை வரவில்லை.

மேஸ்திரி, அப்படியானால் வெல்டிங்தான் என்று கையைத் துடைத்துக்கொண்டார். திருப்பத்தில் மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா எழுந்து போய் எங்கள் ஜீப்பின் முன்னால் நின்றார். தான் வழக்கமாக உட்காரும் வலது பக்க இருக்கையைப் பார்த்தார். அதில் கையை வைத்து, இந்த இடத்துக்கு லிவரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். லிவர் டிரைவர் பக்கம்தானே இருக்கும் என்றார் மேஸ்திரி.

“டிரைவரு மாறுவான். நான் மாற மாட்டேன். பூட்டு எங்கிட்ட இருக்கட்டும்” என்றார் அக்கா.

ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டுவதா என்று மேஸ்திரி சிரித்தார். அஸ்ஸாமில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அக்கா சிரிக்கவில்லை. தங்கள் படகில் சுக்கான் ஒருத்தன் கையில், பாய்க்கயிறு இன்னொருத்தன் கையில் இருக்கும். பாயைப் பிடித்திருப்பவன் காற்றைப் பார்ப்பான், சுக்கான் பிடித்திருப்பவன் போகிற திசையைப் பார்ப்பான். இரண்டையும் ஒருத்தனே பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் களிமண் வெளியில் எங்கே மேலே காய்ந்து உள்ளே குழம்பியிருக்கும், எங்கே தண்ணீர் நின்றாலும் அடியில் மணல் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து கூடையோடு நடந்த அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, எனக்குப் பின்னால் வருபவனுக்கும் தெரியாது. டிரைவர் ஓட்டட்டும், பூட்டுவதையும் திறப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்து, அந்தப் பக்கம் கம்பி கொண்டுபோவது லேசுதான் என்றார்.

புரட்டாசி முடியும்போது வேலை முடிந்தது. காய்ந்த தரையில் பழகினோம். அக்கா லிவரை இழுக்கும்போது ஒரு சின்ன ‘டக்’ கேட்கும். கேட்டால் கவ்விவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால் நான் கொஞ்சம் முன்னால் உருட்ட வேண்டும், பற்கள் நேருக்கு நேர் வந்ததும் விழும். ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. அந்த வாய்த்துடுக்குக்காரி வண்டி போகும்போதெல்லாம், டிரைவருக்கு ஆத்தா கடிவாளம் போட்டுவிட்டார் என்று கத்துவாள். நானும் கனைத்துக் காட்டுவேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து, ஒரு நாள் விடிகாலையில் கொஞ்சம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் படகுகள் போய் வந்தன. நல்ல மீன், கூடை நிறைய. ஏற்றி முடிக்கும்போது வெளி முழுக்கத் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. ரயிலுக்கு நேரம் சரியாக இருந்தது. பெண்கள் தள்ளுவதற்காகப் பின்னால் வந்தார்கள்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். தூரத்திலிருந்தே வேகம் பிடித்து, அந்த வேகத்திலேயே சேற்றைத் தாண்டிவிடுவது. தரை கெட்டியாக இருந்த கடைசி இடத்தில் கியரை மாற்றி மிதிக்கப் போனேன். அக்கா நிறுத்தச் சொன்னார்.

இங்கே நன்றாகத்தானே இருக்கிறது, ஓட்டத்திலேயே போய்விடலாம், புதைந்தால் அப்போது பூட்டிக்கொள்ளலாம் என்றேன்.

“எங்க வீட்டுக்காரரும் இன்னுங் கொஞ்சம் போயி பாய எறக்கலாம்னுதான் போனாரு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நிப்பாட்டு தம்பி.”

நிறுத்தினேன். நல்ல தரையில், வண்டி அசையாமல் நிற்கும்போது, லிவரை இழுத்தார். சத்தம் கேட்கவில்லை. ஒரு முழம் உருட்டினேன். ‘டக்.’

“இப்ப போ. மெதுவா. நான் கையக் காட்டுற பக்கம் போ.”

முதல் கியரில் இறங்கினோம். நடந்து வரும் பெண்கள் எங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாகத்தான் போனேன். கால் துடித்தது. அக்கா முன்கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, இடது கையை இங்கிட்டு அங்கிட்டு என்று அசைத்துக்கொண்டே வந்தார். வலது கை லிவரில் இருந்தது. நான் போக நினைத்த இடத்தை அவர் ஒதுக்கினார். நான் ஒதுங்க நினைத்த தண்ணீருக்குள் இறக்கினார். அடியில் கெட்டியாக இருந்தது. வெளியின் நடுவில், எப்போதும் புதையும் இடத்தில், வலது சக்கரம் பழையபடி பள்ளத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. ஒரு கூடை சரிந்து மீன் கொட்டியது. என்னையறியாமல் மிதிக்கப் போனேன். அதற்குள் வண்டியின் இடது பக்கம் மண்ணைக் கவ்வுவது இருக்கைக்கு அடியில் தெரிந்தது. வலது சக்கரம் சேற்றில் தனியாக ஆட்டம் போடவில்லை. இடது சக்கரத்தோடு சேர்ந்து, அதே வேகத்தில், மெல்லச் சுற்றியது. மேட்டில் கால் ஊன்றியிருந்த சக்கரம் சேற்றில் கிடந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறியது. யாரும் தள்ளவில்லை.

பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள்.

ரோட்டின் விளிம்பில் நிறுத்தினேன். அக்கா லிவரை விட்டார். அது வரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். வரவில்லை. ரோட்டில் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே ஒரு வளைவு, அதன் ஓரத்தில் வாய்க்கால். அரிமளத்துக் கருவை மரம் எனக்கு ஞாபகம் வந்தது. அடித்துத் தள்ளலாமா என்று ஸ்பேனரைத் தேடினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். இழுவையில் இருக்கும் முடிச்சு அவிழுமா, கயிற்றைத் தளரவிட்டால்தானே அவிழும், வண்டியைக் கொஞ்சம் பின்னால் விடு என்றார். ஒரு சாண் பின்னால் விட்டேன். லிவர் தானாகவே திரும்பி வந்து விழுந்தது. மேஸ்திரியும் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

அறந்தாங்கி நிலையத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது. வியாபாரி குடையோடு வாசலில் நின்று, வெறுங்கையோடு திரும்பப் போகிறவர் மாதிரி இருந்தார். சேறு அப்பிய வண்டியைப் பார்த்ததும் ஆட்களைக் கூப்பிட்டார். கூடைகள் ஏறின. ரயில் கிளம்பிய பிறகுதான் அவர் அக்காவிடம் பேசினார். நாளைக்கும் மழை இருக்கும் போலிருக்கிறதே, வருமா என்று கேட்டார்.

“வரும்” என்றார் அக்கா.

வந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் வந்தது. கடலுக்குப் போக முடியாத நாட்களில் மட்டும் மீன் வரவில்லை. வண்டியால் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. தை மாதம் வியாபாரி தானே துறைக்கு வந்து, அடுத்த வருஷத்துக்கும் பேசிவிட்டுப் போனார். வண்டி விற்கப்படவில்லை.

நான் எத்தனை நாள் இருந்தேன் என்று கேட்பீர்கள். அந்த மழை, அடுத்த மழை, அதற்கடுத்த மழையும் இருந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு காலம் ஓரிடத்தில் இருந்ததில்லை. ஒரு சித்திரை மாதம் பழைய எண்ணம் வந்தபோது அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதே துறையைச் சேர்ந்த ஒருவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கற்றுக்கொடுக்க அதிக நாள் பிடிக்கவில்லை. பாதி வேலை வலது பக்க இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததே.

பிறகு நான் குளத்தூர் பக்கம் குடும்பமாகி, சொந்தமாக ஒரு வண்டி வைத்து, பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டேன். எனக்கு வேலை கொடுத்தவர்கள் பலர் என்னை நம்பி ஏமாந்திருக்கிறார்கள், சிலர் என்னை நம்பாமல் துரத்தியிருக்கிறார்கள், திருத்தப் பார்த்தவர்களும் உண்டு. அந்த அம்மாள் இதில் எதையும் செய்யவில்லை. தெரியாது என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, நான் இருந்தாலும் போனாலும் வண்டி நிற்காதபடி லிவரின் இடத்தை மட்டும் மாற்றி வைத்தார். என்னைக் கட்டிவைக்காத அந்த ஓர் இடத்தில்தான் நான் மூன்று மழைக்காலம் தங்கினேன் என்பதை இன்று யாரையாவது வேலைக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.